கடலோடிகளின் ஸ்கர்வி: அந்தக் கால வைத்தியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஸ்கர்வி வந்தது, எலுமிச்சை கொடுத்தார்கள், போய்விட்டது" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். ஸ்கர்வி வைட்டமின் சி குறைவால் வரும் நோய். உண்மையில் அதற்கு மருந்து பலமுறை கையில் கிடைத்தது, பலமுறை நழுவியும் போனது. நழுவியதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே தவறான எண்ணம்தான்: குணப்படுத்துவது பழத்தின் புளிப்பு என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஸ்கர்வின்னா பல் ஈறுல ரத்தம் வர்றதுதானே? அதுக்கா ஆள் செத்தாங்க?

ஈறில் ரத்தம் வருவது வெளியே தெரியும் அடையாளம் மட்டும்தான். நோய் உடம்பு முழுக்க நடக்கிறது. தோல், ரத்தக்குழாய், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கும் புரதம் கொலாஜன். அதன் இழைகள் முறுக்கேறி உறுதியாக நிற்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் புதிதாக உருவாகும் கொலாஜன் தொய்ந்துபோகும், நுண்குழாய்கள் கசியத் தொடங்கும்.

முதலில் காரணம் தெரியாத அசதியும் எழுந்து நடக்க மனமில்லாத சோர்வும் வரும். அடுத்து காலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு சிவப்புப் புள்ளிகள், தட்டாமலே கன்றிப்போன திட்டுகள். ஈறு பஞ்சு போல வீங்கிப் பல்லை மூடும், கறுக்கும், நாறும். முழங்காலுக்குப் பின்னே தசை இறுகி, காலை நீட்ட முடியாமல் போகும். கடைசிக் கட்டத்தில், படுத்திருப்பவர் எழுந்து உட்கார முயன்ற நிமிடத்திலேயே உயிர் போவதுண்டு.

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சன் தலைமையில் 1740-ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய கப்பல்களில் ஏறத்தாழ 1,900 பேர் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலும் நோயால். எதிரியின் ஆயுதத்தால் செத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்தப் பயணத்தின் பதிவில் ஒரு முதியவரைப் பற்றி வருகிறது. ஐம்பது வருடத்துக்கு முன் அயர்லாந்தின் பாயின் போரில் பட்டு ஆறிப்போன காயம் அவருக்கு மறுபடி திறந்துகொண்டது. தழும்பு என்பதும் கொலாஜன்தான். உடம்பு அதைத் தொடர்ந்து பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறது. பழுது பார்ப்பது நின்றால் பழைய காயமும் பிரியும்.

கப்பல்ல போறவங்களுக்கு மட்டும் ஏன் வந்தது?

கப்பலுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. முற்றுகையிட்ட கோட்டை, சிறைச்சாலை, நீண்ட குளிர்காலம், படை முகாம் என்று பச்சைக் காய்கறியும் பழமும் நின்றுபோகும் எந்த இடத்திலும் வரும். 1720 வாக்கில் ஹங்கேரியில் இருந்த ஆஸ்திரியப் படையில் ஆயிரக்கணக்கானோர் இதில் மாண்டனர். படை மருத்துவர் க்ராமர் வியன்னாவுக்கு எழுதி உதவி கேட்டபோது, அங்கிருந்து உலர்த்திய மூலிகைகள் மூட்டை மூட்டையாக வந்தன. பச்சையாக இருந்தால் குணப்படுத்தியிருக்கும் இலைகள், காய்ந்த பிறகு ஒன்றும் செய்யவில்லை.

கடலோடிகள் பெயரோடு இது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், நீண்ட பயணங்கள் தொடங்கிய காலம். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பியர்கள் மாதக்கணக்கில் கரை தொடாமல் ஓட ஆரம்பித்தார்கள்.

கப்பல்ல அப்படி என்னதான் சாப்பிட்டாங்க?

18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு ஆளுக்கு ஒரு வாரப் படி இது: பிஸ்கட் 7 பவுண்டு, உப்பிட்ட மாட்டிறைச்சி 4 பவுண்டு, உப்பிட்ட பன்றியிறைச்சி 2 பவுண்டு, உலர்ந்த பட்டாணி 2 பைண்ட், ஓட்ஸ் 3 பைண்ட், வெண்ணெய் 6 அவுன்ஸ், பாலாடைக்கட்டி 12 அவுன்ஸ், நாளுக்கு ஒரு காலன் பீர்.

வயிறு நிறையும், கயிறு இழுக்கத் தெம்பும் கிடைக்கும். ஆனால் இந்தப் பட்டியல் முழுவதிலும் வைட்டமின் சி ஏறக்குறைய பூஜ்யம். நன்றாகச் சாப்பிட்டும் நோய் வந்ததால்தான் உணவில் குறை என்று யாருக்கும் எளிதில் தோன்றவில்லை.

எத்தனை நாள்ல நோய் தெரிய ஆரம்பிக்கும்?

நன்றாகச் சாப்பிட்டவர் உடம்பில் சுமார் 1,500 மில்லிகிராம் வைட்டமின் சி இருப்பாக இருக்கும். அது 300 மில்லிகிராம் அளவுக்கு இறங்கும்போது அறிகுறிகள் தலைகாட்டும். கப்பலில் பொதுவாக ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தெரிந்தது. குளிர்காலம் முடிந்து, ஏற்கெனவே இருப்பு குறைந்த உடம்போடு ஏறியவர்கள் முதலில் விழுந்தார்கள்.

1939-ல் பாஸ்டனில் ஜான் க்ராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் வைட்டமின் சி அறவே இல்லாத உணவைத் தானே உண்டு பார்த்தார். 41-ஆம் நாளில் ரத்த நீரில் வைட்டமின் அளவு பூஜ்யத்துக்கு வந்தது. ஆனால் தோலில் மாற்றம் தெரிய 134 நாளும், மயிர்க்காலைச் சுற்றி ரத்தக்கசிவு வர 161 நாளும் ஆயின. மூன்றாம் மாதத்தில் முதுகில் வெட்டிப் பார்த்த காயம் ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதத்தில் வெட்டியது, மேல்தோல் மூடியும் உள்ளே ஆறவே இல்லை. அவருக்கு ஈறு அதிகம் கெடவில்லை, ஏனென்றால் பற்கள் சுத்தமாக இருந்தன. சொத்தையும் அழுக்கும் உள்ள வாயில்தான் ஈறு அப்படி வீங்கும். கடலோடிகளின் வாய் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கால டாக்டர்கள் இதுக்கு என்ன காரணம் சொன்னாங்க?

ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஏற்கவில்லை. ஐரோப்பிய மருத்துவம் அப்போது நான்கு உடல்நீர்களின் சமநிலை என்ற அடிப்படையில் நின்றது, நம் ஊரில் வாதம், பித்தம், கபம் என்று சொல்வது போல. 1541-ல் யோஹான் எக்ட் எழுதிய நூலில் மண்ணீரல் அடைத்துக்கொண்டு கரும்பித்தம் தேங்குவதே காரணம். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் ரத்தத்தில் கந்தகமோ உப்போ மிகுவதால் இருவகை ஸ்கர்வி என்றார். லேடனில் பூர்ஹாவே ரத்தம் ஒரு பக்கம் கெட்டியாகவும் ஒரு பக்கம் நீர்த்தும் கெட்டுப்போகிறது, அது அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று பார்த்து எதிர்மருந்து கொடு என்றார்.

கப்பலில் இருந்தவர்களுக்கு வேறு காரணங்கள் தென்பட்டன. உப்பிறைச்சி, ஈரக்காற்று, அடித்தளத்தின் நாற்றம், மனச்சோர்வு, சோம்பல். கடைசிக் காரணம் கொடுமையானது. அசதி நோயின் முதல் அறிகுறி. அதையே நோயின் காரணம் என்று எடுத்துக்கொண்டு, நோயாளியை அடித்து வேலை வாங்கிய தளபதிகள் இருந்தார்கள். நிலத்தின் காற்றும் மண்ணும் குணமாக்கும் என்ற நம்பிக்கையில், கரை சேர்ந்ததும் நோயாளியைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்ததும் உண்டு.

நடுவே 1734-ல் யோஹான் பாக்ஸ்ட்ரோம் நேராகச் சொல்லிவிட்டார்: பச்சைக் காய்கறி நெடுநாள் இல்லாததுதான் காரணம், குளிரோ கடல் காற்றோ இல்லை என்று. சரியான பதில் அச்சில் கிடந்தது. ஆனால், "ஏதோ ஒன்று உடம்பில் இல்லாததால் நோய் வரும்" என்பது அந்தக் கால மருத்துவச் சிந்தனையில் இடமே இல்லாத கருத்து. நோய் என்றால் உள்ளே ஏதோ கெட்டது சேர்ந்திருக்க வேண்டும், அதை வெளியேற்ற வேண்டும். அப்படியே பழகிவிட்டார்கள்.

எலுமிச்சைதான் மருந்துன்னு முதல்ல கண்டுபிடிச்சது ஜேம்ஸ் லிண்ட்தானா?

இல்லை. லிண்ட் 18-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர். அவருக்கு இருநூற்றைம்பது வருடம் முன்பே கடலோடிகளுக்குத் தெரியும். வாஸ்கோ ட காமாவின் ஆட்கள் 1498-ல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் கை கால் வீங்கி, ஈறு பல்லை மூடிக் கிடந்து, மொம்பாசாவில் ஆரஞ்சு கிடைத்துத் தேறினார்கள். கள்ளிக்கோட்டையிலிருந்து திரும்பும்போது அரபிக்கடலைக் கடக்கவே மூன்று மாதத்துக்கு மூன்று நாள்தான் குறைவு. முப்பது பேர் இறந்தனர், கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் இருந்தனர். 1499 ஜனவரியில் மலிந்தியை அடைந்ததும் நோயாளிகள் கேட்டது ஆரஞ்சு. அதன் பிறகு ஆள் போதாமல் ஒரு கப்பலை எரித்துவிட்டுப் போனார்கள்.

1601-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்தில் ஜேம்ஸ் லங்காஸ்டர் தன் ரெட் டிராகன் கப்பலில் எலுமிச்சைச் சாறு எடுத்துப்போய், ஆளுக்குத் தினம் காலையில் மூன்று கரண்டி கொடுத்தார். ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு வந்தபோது அவருடைய ஆட்கள் தெம்பாக இருந்தார்கள். மற்ற மூன்று கப்பல்களில் நங்கூரம் போடவே ஆளில்லை. இவர்கள் போய் உதவ வேண்டியிருந்தது. கம்பெனியின் தலைமை அறுவை மருத்துவர் ஜான் வுடால் 1617-ல் எழுதிய கையேட்டிலும் எலுமிச்சைச் சாறுதான் முதல் மருந்து. ஆனால் அது கிடைக்காவிட்டால் கந்தக அமிலம் சில சொட்டு என்றும் அதே நூல் சொல்கிறது. தொடக்கத்தில் குறிப்பிட்ட புளிப்புக் குழப்பம் அப்போதே வந்துவிட்டது.

மரப்பட்டைக் கஷாயம் குடிச்சுக் குணமானாங்கன்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. 1535-36 குளிர்காலத்தில், இன்றைய கியூபெக் அருகே பனியில் சிக்கிய பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியேவின் 110 பேரில் 25 பேர் இறந்தனர். முழங்கால் வீங்கிக் கிடந்த தோமகயா என்ற உள்ளூர்க்காரர் பத்துப் பன்னிரண்டு நாளில் நலமாக நடந்து வருவதைக் கார்த்தியே பார்த்து விசாரித்தார். அன்னெத்தா என்ற பசுமரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்துக் குடி, வண்டலை வீங்கிய காலில் பூசு என்றார்கள். பெரிய மரம் ஒன்று எட்டு நாளைக்குள் தீர்ந்துபோனது. எழுந்து நடந்தார்கள்.

கொதித்தால் வைட்டமின் சி குறையும். ஆனால் பச்சை ஊசியிலையில் அளவு அதிகம், கொதித்த நீரையும் சேர்த்துக் குடித்தார்கள் என்பதால் மிஞ்சியது போதுமானதாக இருந்தது.

லிண்ட் செஞ்ச சோதனைய முழுசா சொல்லுங்க. யாருக்கு என்ன கொடுத்தார்?

நாள் 1747 மே 20. கப்பல் சாலிஸ்பரி. லிண்ட் அதன் அறுவை மருத்துவர். ஈறு அழுகல், தோல் திட்டு, அசதி, முழங்கால் பலவீனம் என்று ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த பன்னிரண்டு பேரைத் தேர்ந்து, ஒரே இடத்தில் படுக்க வைத்து, எல்லோருக்கும் ஒரே உணவு கொடுத்தார். காலையில் சர்க்கரை சேர்த்த கஞ்சி, பகலில் பெரும்பாலும் ஆட்டிறைச்சிச் சாறு அல்லது வேகவைத்த பிஸ்கட், இரவில் பார்லி, அரிசி, உலர் திராட்சை, சவ்வரிசி. இந்தப் பொது உணவுதான் சோதனையின் உயிர். வேறுபாடு மருந்தில் மட்டும் இருக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

இரண்டிரண்டு பேராக ஆறு பிரிவு. முதல் இருவருக்கு நாளுக்குச் சுமார் ஒரு லிட்டர் ஆப்பிள் சைடர். அடுத்த இருவருக்கு, கந்தக அமிலத்தைச் சாராயத்தில் கலந்த விட்ரியால் மருந்து 25 சொட்டு, மூன்று வேளை, வெறும் வயிற்றில். மூன்றாம் பிரிவுக்கு வினிகர் இரண்டு கரண்டி, மூன்று வேளை. நான்காம் பிரிவுக்குக் கடல்நீர், நாளுக்குக் கால் லிட்டர் அளவு. ஐந்தாம் பிரிவுக்கு நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறாம் பிரிவுக்குப் பூண்டு, கடுகு, முள்ளங்கி வேர், பெரு பால்சம், வெள்ளைப்போளம் சேர்த்தரைத்த லேகியம் ஜாதிக்காய் அளவு மூன்று வேளை, குடிக்கப் புளி கரைத்த பார்லித் தண்ணீர்.

பழம் ஆறே நாளில் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தகுதியானார். மற்றவரை, மீதிப் பத்துப் பேரையும் கவனித்துக்கொள்ளும் பணியில் அமர்த்தினார். சைடர் குடித்தவர்களுக்கு ஓரளவு முன்னேற்றம். மற்ற பிரிவுகளில் சொல்லும்படி எதுவும் இல்லை.

புளித் தண்ணி கொடுத்தும் குணமாகலையா? புளியும் புளிப்புதானே?

புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம். அதில் வைட்டமின் சி மிகக் குறைவு, 100 கிராம் புளியில் மூன்று நான்கு மில்லிகிராம் அளவே. வினிகரின் அசெட்டிக் அமிலமும் விட்ரியாலின் கந்தக அமிலமும் அப்படித்தான் பயனற்றவை. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் பயனற்றதே. எலுமிச்சையைப் புளிக்க வைக்கும் பொருளும் ஸ்கர்வியைத் தீர்க்கும் பொருளும் வேறு வேறு. லிண்டின் ஆறு பிரிவில் நான்கில் ஏதோ ஒரு புளிப்பு கொடுத்தார்கள், ஆறாவது பிரிவின் புளித் தண்ணீரையும் சேர்த்தால் ஐந்து. தேறியது பழம் தின்றவர்கள்தான். "புளிப்பு இல்லை, பழம்" என்று அவருடைய சொந்த அட்டவணையே கத்திச் சொல்கிறது. இருந்தும் விட்ரியால் பல பத்தாண்டுகள் கடற்படை மருத்துவர்களின் பெட்டியில் இருந்துகொண்டே இருந்தது.

நம் வீட்டுப் பொருட்களில் தேட வேண்டுமானால் நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, பச்சை மிளகாய். கொய்யா இனிப்பு, மிளகாய் காரம். சுவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1747-லயே தெரிஞ்சுபோச்சே, ஏன் 1795 வரைக்கும் கடற்படை ஒண்ணும் செய்யல?

அதிகாரிகளின் அலட்சியம் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. முதலில், லிண்டே தன் முடிவை அழுத்திச் சொல்லவில்லை. 1753-ல் வெளியான அவருடைய பெரிய நூலில் இந்தச் சோதனை சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. நூலின் பெரும்பகுதி அதுவரை யார் யார் என்ன சொன்னார்கள் என்ற தொகுப்பும், ஈரக்காற்றால் வியர்வைத் துளைகள் அடைத்து உள்ளே கெட்டநீர் தேங்குகிறது என்ற அவருடைய கோட்பாடும்தான். பழம் அந்த அடைப்பை நீக்கும் பல வழிகளில் ஒன்று, சிறந்த ஒன்று. அவ்வளவே.

இரண்டாவது, பழம் கெட்டுப்போகும், விலை அதிகம். அதற்கு அவர் சொன்ன மாற்று வழியே மருந்தைக் கொன்றுவிட்டது (அடுத்த கேள்வியில் பார்க்கலாம்). மூன்றாவது, அழுகல் கோட்பாடு. ஜான் பிரிங்கிள், டேவிட் மக்பிரைடு என்ற மருத்துவர்கள் ஸ்கர்வி என்பது உயிரோடு உடம்பு அழுகுவது என்றார்கள். உடம்பிலிருந்து ஒருவகை வாயு, இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோமே அது, வெளியேறுவதால் அழுகுகிறதாம். வயிற்றுக்குள் நொதித்து அந்த வாயுவைத் தரக்கூடிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரைசலைக் கொடுத்தால் சரியாகும் என்று 1764-ல் மக்பிரைடு எழுதினார். மால்ட் மலிவு, கெடாது, சொன்னவர்கள் செல்வாக்கானவர்கள். அதில் வைட்டமின் சி கிடையாது.

லிண்ட் சாறைக் காய்ச்சி வைக்கச் சொன்னாராமே, அதுல என்ன தப்பு?

"ராப்" என்று பெயர். செய்முறை இப்படி: சாறைப் பிழிந்து, வண்டல் அடியில் தங்கித் தெளிய விட்டு, அகன்ற வாயுள்ள, மெருகிட்ட மண் பாத்திரத்தில் ஊற்றுவார்கள். அதைச் சூடான நீரில் வைத்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் வற்ற விட்டு, பாகு பதம் வந்ததும் புட்டியில் அடைப்பார்கள். வருடக்கணக்கில் கெடாது, புளிப்பும் மணமும் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பினார்.

புளிப்பும் மணமும் இருந்தன. அதனால் மருந்தும் இருக்கிறது என்று எண்ணிவிட்டார்கள். வைட்டமின் சி-யைச் சிதைப்பது சூடும் காற்றும் சேர்ந்து வேலை செய்வது. அகன்ற வாய்ப் பாத்திரமும் நீண்ட நேரமும் இரண்டையும் தாராளமாகக் கொடுத்தன. தப்பியதும் புட்டியில் வாரக்கணக்கில் நின்று கரைந்தது. லிண்ட் இந்த ராப்பைத் தன் பன்னிரண்டு பேர் சோதனை போல ஒருமுறை சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். மிகவும் வருந்த வேண்டிய இடம் இதுதான். ராப் கொடுத்துப் பார்த்துத் தோற்றவர்கள், "எலுமிச்சை வேலை செய்யவில்லை" என்று அறிக்கை எழுதினார்கள்.

கேப்டன் குக் ஒருத்தரையும் ஸ்கர்விக்குப் பலி கொடுக்கலையே. அவர் எப்படிச் சமாளிச்சார்?

எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்து. 1768-ல் கிளம்பிய எண்டவர் கப்பலில் புளித்த முட்டைகோஸ் மட்டும் 7,860 பவுண்டு. ஆட்கள் தொட மறுத்தபோது, அதிகாரிகளின் மேசையில் தினம் அதைப் பரிமாறச் செய்தார். மேலிடம் சாப்பிடுவதைப் பார்த்ததும் கீழே தானாகக் கேட்டார்கள். கரை தொட்ட இடமெல்லாம் கீரை, காட்டுச் செலரி என்று கிடைத்த பச்சையைப் பறித்து வரச் செய்தார். புதிய இறைச்சியை மறுத்த இருவருக்கு மதேராவில் பன்னிரண்டு கசையடி. இறைச்சி வேகும் செப்புக் கொப்பரையில் மிதக்கும் கொழுப்பைத் தின்னக் கூடாது என்றும் தடை போட்டார்.

பத்து முறையை ஒன்றாகக் கையாண்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. குக் மால்ட்டைப் புகழ்ந்து எழுதினார், பிரிங்கிள் அதை லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் மேடையில் ஏற்றினார். ஆக, நல்ல தளபதியின் வெற்றியே தவறான மருந்துக்குச் சான்றிதழ் ஆனது. அதே கப்பலில் சென்ற தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு 1769-ல் ஈறு வீங்கியபோது, அவர் தனியாகக் கொண்டு வந்திருந்த எலுமிச்சைச் சாறை நாளுக்கு ஆறு அவுன்ஸ் அளவு குடித்தார். ஒரு வாரத்துக்குள் ஈறு இறுகிவிட்டது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அது நாட்குறிப்போடு நின்றது.

கடைசியில கடற்படை மனசு மாறினது எதனால?

கில்பர்ட் பிளேன் என்ற மருத்துவர், மேற்கிந்தியத் தீவுகளில் கப்பல் கப்பலாக நோய்க் கணக்கு எடுத்தவர், மேலிடத்தில் பேசத் தெரிந்தவர். அவருடைய வற்புறுத்தலில் 1794-ல் சஃபோக் என்ற போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து நேராக நம் மெட்ராஸுக்கு வந்தது. வழியில் கரை தொடவில்லை, 23 வாரமும் ஒரு நாளும் கடலிலேயே. ஆளுக்குத் தினம் முக்கால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான, அதாவது மூன்றில் இரண்டு பங்கு அவுன்ஸ் எலுமிச்சைச் சாறும் இரண்டு அவுன்ஸ் சர்க்கரையும், தண்ணீர் கலந்த ரம்மில் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. சிலருக்கு நோய் தலைகாட்டியது, அளவைக் கூட்டியதும் மறைந்தது. ஸ்கர்விக்கு ஒருவரையும் இழக்காமல் கப்பல் மெட்ராஸ் கரைக்கு வந்து சேர்ந்தது.

1795-ல் கடற்படை சாறு வழங்க ஒப்புக்கொண்டது. முதலில் கேட்ட கப்பல்களுக்கு, சில ஆண்டுகளில் எல்லாவற்றுக்கும். இந்த முறை சாறைக் காய்ச்சவில்லை. சாராயம் கலந்தோ, மேலே எண்ணெய் மிதக்க விட்டுக் காற்றை அடைத்தோ வைத்தார்கள்.

மூணுல ரெண்டு பங்கு அவுன்ஸ்னா இருபது மில்லிகூட இல்லையே. அது போதுமா?

நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தன்னார்வலர்களை வைத்து நடந்த ஆய்வில், நாளுக்கு 10 மில்லிகிராம் ஸ்கர்வியைத் தடுக்கவும் குணமாக்கவும் போதும் என்று தெரிந்தது. நல்ல எலுமிச்சைச் சாறில் 100 மி.லி.க்கு 40 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். 19 மி.லி. சாறு என்றால் எட்டு ஒன்பது மில்லிகிராம். விளிம்பில் நிற்கும் அளவு. சஃபோக்கில் சிலருக்கு மட்டும் நோய் எட்டிப் பார்த்ததும், கொஞ்சம் கூட்டியதும் போனதும் இதனால்தான்.

லங்காஸ்டரின் மூன்று கரண்டியை 45 மி.லி. என்று எடுத்தால் 18 முதல் 22 மில்லிகிராம். சாறு பழசாகிப் பாதி போனாலும் காப்பாற்றும். லிண்டின் இரண்டு ஆரஞ்சும் எலுமிச்சையும் 100 மில்லிகிராமுக்கு மேல். ஆறு நாளில் ஆள் எழுந்ததில் வியப்பில்லை.

எலுமிச்சையும் லைமும் ஒண்ணுதானே? லைம் ஜூஸ் கொடுத்தும் மறுபடி ஸ்கர்வி வந்துச்சுன்னு சொல்றாங்களே?

ஒன்றல்ல. நம் கடையில் கிடைக்கும் சிறிய, மெல்லிய தோல் உருண்டைப் பழம் லைம் வகை. மேலே இதுவரை எலுமிச்சை என்று சொன்னது மத்தியதரைக் கடல் பக்கத்துப் பெரிய, தடித்த தோல் பழம். 1860-களில் கடற்படை மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறியது. அங்கே பிரிட்டிஷ் தோட்டங்கள் இருந்தன, லைம் இன்னும் புளிப்பு, அதனால் இன்னும் நல்லது என்ற நினைப்பு வேறு. முன்பு சொன்ன அதே புளிப்புக் குழப்பம், நூறு வருடம் கழித்து.

நம் பழத்தைப் பிழிந்த உடனே குடித்தால் அதில் வைட்டமின் கணிசமாகவே இருக்கும். ஆனால் பிழிந்து, திறந்த தொட்டியில் தங்க வைத்து, செப்புக் குழாயில் ஓட்டி, மாதக்கணக்கில் வைத்த சாறில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. செம்பு வைட்டமின் சி சிதைவை வேகப்படுத்தும். நீராவிக் கப்பல்கள் வந்து பயணம் சுருங்கிவிட்டதால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. 1875-76-ல் நேர்ஸ் என்ற பிரிட்டிஷ் தளபதியின் தலைமையில் வடதுருவத்தை நோக்கிப் போன குழு லைம் சாறோடு போய் ஸ்கர்வியில் விழுந்தபோதுதான் தெரிந்தது. 1918-ல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் குழுவினர் சோதித்து, புதிய லைம் சாறின் வலு எலுமிச்சையில் கால்பங்கு, பதப்படுத்தியது பயனற்றது என்று காட்டினார்கள்.

அப்போ 1875-க்கு அப்புறம் டாக்டர்கள் எலுமிச்சையையே நம்பாம போயிட்டாங்களா?

பலர் அப்படித்தான் போனார்கள். சாறு பொய்த்துவிட்டது, துருவப் பகுதி மக்களோ பழமே இல்லாமல் நலமாக இருக்கிறார்கள். எனவே டப்பா இறைச்சியில் ஊறும் ஏதோ நஞ்சுதான் ஸ்கர்வி என்று ஒரு கொள்கை எழுந்தது. ஸ்காட்டின் 1901-04 அண்டார்டிகப் பயணத்தில் டப்பாக்களை மோந்து பார்த்துத் திறந்தார்கள், ஸ்கர்வி வந்தது. புதிய சீல் இறைச்சி தின்றதும் போனது. அரைவேக்காட்டுப் புதிய இறைச்சியில், குறிப்பாக ஈரலில், போதுமான வைட்டமின் சி உண்டு. 1898-ல் பெல்ஜிகா கப்பல் அண்டார்டிகப் பனியில் சிக்கியபோது மருத்துவர் ஃபிரெடரிக் குக் பெங்குவின், சீல் இறைச்சியைக் கட்டாயப்படுத்தித் தின்ன வைத்து ஆட்களைக் காப்பாற்றினார்.

முடிச்சு அவிழ்ந்தது 1907-ல். நார்வேயில் ஹோல்ஸ்டும் ஃபிரோலிக்கும் மாலுமிகளின் பெரிபெரியை (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) ஆராயக் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்தார்கள், அவற்றுக்கு வந்தது ஸ்கர்வி. எலி, நாய், பூனை எல்லாம் வைட்டமின் சி-யைத் தாமே தயாரித்துக்கொள்ளும். மனிதனைப் போலவே அந்தத் திறன் இல்லாத மிகச் சில விலங்குகளில் கினிப் பன்றி ஒன்று. அதன் பிறகு எந்த உணவில் மருந்து இருக்கிறது என்பதைக் கூண்டில் வைத்தே சோதிக்க முடிந்தது. 1928-ல் செண்ட் கியோர்கி தனியே பிரித்தெடுத்த பொருள்தான் வைட்டமின் சி என்பது 1932-ல் உறுதியானது.

இந்திய ஆட்களுக்கு வந்ததா?

வந்தது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவின் கூட் நகரம் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை முற்றுகையில் கிடந்தபோது, பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெரிபெரியும் இந்தியச் சிப்பாய்களுக்கு ஸ்கர்வியும் வந்தன. பிரிட்டிஷார் தின்றது வெள்ளை மாவு ரொட்டியும் குதிரை இறைச்சியும். இந்தியர்களுக்குக் கோதுமை மாவும் பருப்பும் கிடைத்தன. குதிரை இறைச்சியை அவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் தொடவில்லை.

மேலே சொன்ன ஹாரியட் சிக் குழு இதற்குச் சொன்ன வழி நமக்குப் பழக்கமானது: முளைகட்டிய பயறு. உலர்ந்த பருப்பில் வைட்டமின் சி இல்லை, முளைக்கும்போது விதை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. முழுப் பயறாக இருக்க வேண்டும், உடைத்த பருப்பு முளைக்காது. ஒரு நாள் ஊற வைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் இரண்டு நாள் வைக்கலாம். வேக வைப்பதானால் பத்து நிமிடத்துக்குள் இறக்க வேண்டும். கப்பலின் உலர் பட்டாணியையே இப்படிச் செய்திருந்தால் போதும், நான்கு நூற்றாண்டு மாலுமிகள் பிழைத்திருப்பார்கள்.

பழைய பயணக் குறிப்புல "கால் வீங்கிச் செத்தான்"னு இருந்தா அது ஸ்கர்விதான்னு எடுத்துக்கலாமா?

அதை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது. கால் வீக்கம் பெரிபெரியிலும் வரும், நீண்ட பயணங்களில் இரண்டும் ஒரே ஆளுக்கு வந்திருக்கலாம். ஈறு பற்றிய குறிப்பு இருக்கிறதா பாருங்கள், பெரிபெரியில் ஈறு கெடாது. ஆனால் பல் விழுந்துபோன கிழவருக்கு ஸ்கர்வியிலும் ஈறு வீங்காது என்பதையும் மறக்க வேண்டாம். மரத்துப்போதல், பாதம் தொங்கி நடத்தல், மூச்சுத்திணறல் முதலில் வந்தால் பெரிபெரி. தட்டாமல் கன்றிய திட்டு, திறந்துகொண்ட பழைய காயம், முழங்காலுக்குப் பின் இறுக்கம் என்றால் ஸ்கர்வி.

கடைசியாக, எப்படித் தேறினார்கள் என்று பாருங்கள். பச்சை இலையோ பழமோ கிடைத்த மூன்று நான்கு நாளில் தெம்பும், ஒன்றிரண்டு வாரத்தில் ஈறும் திரும்பியதாக எழுதியிருந்தால் அது ஸ்கர்வி. கரை சேர்ந்து, அரிசியும் மீனும் தின்று, மாதக்கணக்கில் மெல்லத் தேறியதாக இருந்தால் வேறு நோயைத் தேடுங்கள்.